காலடி கேட்டு விழிப்பவை

நாற்பது நாள் பூட்டிக் கிடந்த வீடு.
திருகோணமலைக் கிளையில் பதில் வேலை முடிந்து
சாவியைத் திருப்பினேன்.
அடைந்திருந்த புழுக்கம் என்னைத் தாண்டி
முதலில் வெளியே போனது.
பையை இறக்கி, யன்னலைத் திறந்து,
மூன்றாவது அடி வைக்கையில்
கணுக்காலில் ஒன்று.
பிறகு ஐந்து.
பிறகு எண்ணவில்லை.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
தண்டவாளத்துக்கு இப்பால் மூன்றாம் வீடு,
மேல்மாடியில் ஒன்றரை அறை.
வாடகை என்னுடையது.
பூனை யாருடையது என்பதில்தான் தகராறு.

"உம்மட பூனை கொண்டுவந்த தெள்ளு" என்றார்
கீழ்வீட்டுச் சொந்தக்காரி மிஸிஸ் அருளானந்தம்,
படியேறாமல், கைப்பிடியைப் பிடித்தபடி.
"இந்த மாசம் முடியிறதுக்குள்ள அது போகவேணும்.
இல்லாட்டி நீர்."
எது என்று சொல்லவில்லை,
தெள்ளா, பூனையா.

பிளேன்டி அதன் பெயர். நிறமும் அதுதான்.
நான் இல்லாத நாட்களில் சோறு வைத்தேன் என்றார்
முனைக்கடை நஸ்மி நானா.
வைத்தது வைத்தபடி கிடந்தது என்றும் சொன்னார்.
அன்றைக்கு நான் அதை யோசிக்கவில்லை.

டொக்டர் இத்தமல்கொட பாதி தமிழில், பாதி சிங்களத்தில்,
மிச்சத்தைக் கைவிரலால் சொன்னார்:
பூனையில் இருப்பது நூற்றில் ஐந்து.
மற்றதெல்லாம் உங்கள் தரையில்,
முட்டையாய், புழுவாய்,
கூட்டுக்குள் மடங்கிய பசியாய்.
ஆள் நடக்கும் அதிர்வு வரும்வரை
மாதக்கணக்கில் பொறுத்திருக்கும், மிஸ்.
பிடரியில் ஒரு சொட்டு, நாக்கு எட்டாத இடத்தில்.
நாய்க்கு விற்கும் மருந்தைத் தொடவேண்டாம்,
பூனை செத்துப்போகும்.
இதை மட்டும் மூன்று மொழியிலும் சொன்னார்.

விரிப்பும் தலையணையுறையும் கொதிநீருக்குள் போயின.
கந்தோரில் இரவல் வாங்கிய வக்யூம்
கட்டிலுக்கடியில் உறுமியது.
இரவில் மேசைவிளக்கைத் தரையில் இறக்கி
வெள்ளைக் கோப்பையில் சவர்க்காரத் தண்ணீர் வைத்தேன்.
சூட்டை நம்பிக் குதித்தவை
கால் ஊன்ற இடமின்றி மூழ்கின.
காலையில் வெள்ளைச் சொக்ஸ் போட்டு
அறையைக் குறுக்கே நடந்து, குனிந்து, எண்ணுவேன்.
திங்கள் பதினேழு.
புதன் முப்பத்தொன்று.
"கூடுது டொக்டர்" என்றேன் தொலைபேசியில்.
"விழிக்குது. நல்லது. நடவுங்கோ."
நடந்தேன்.
தெள்ளுகளை எழுப்புவதற்காக
மாதவாடகை கட்டும் ஒருத்தி
தன் அறைக்குள்ளேயே போய்ப் போய் வந்தாள்.

வெள்ளி இரவு கதவில் தட்டல்.
மிஸிஸ் அருளானந்தம். கையில் பேன்சீப்பு.
கணுக்கால் இரண்டும்
கலமைன் பூசித் திட்டுத் திட்டாய் வெள்ளை.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
பிளேன்டி கதிரையிலிருந்து இறங்கி
என்னைப் பார்க்காமல் கடந்து,
உட்கார்ந்தவர் மடியில் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றி,
பழகிய பள்ளத்தில் படுத்தது.

"பகலில மட்டும்தான்" என்றார்.
"சோபாவில. துணி விரிச்சுத்தான்."
கொஞ்சம் பொறுத்து,
"டின்மீன் எண்டால்தான் சாப்பிடும்."

சீவினோம். முதுகு அவர், வாலடி நான்.
சீப்பில் வந்த கரும்பொடியை
ஈரப்பஞ்சில் ஒற்றினால் சிவக்கிறது.
பூனையின் இரத்தமா, என்னுடையதா, அவருடையதா,
அந்த அளவில் பிரித்தறிய முடியாது.
அவருக்குக் கண் மங்கல், எனக்கு நகம் இல்லை.
பிடிப்பது நான், கொல்வது அவர்.
இரண்டு நகத்துக்கிடையில் 'டிக்'.
ஒவ்வொரு 'டிக்'குக்கும் அவர்
"சனியன்" என்றார், மிக அன்பாக.
பூனைக்கா தெள்ளுக்கா என்று
அதையும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை வக்யூம் கீழே இறங்கியது.
சோபா மடிப்பில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கால்,
மூன்று மருந்துச் சீட்டு,
ஒரு தலையணை அளவுக்குப் பிளேன்டி நிற மயிர்.

இப்போது சொக்ஸில் இரண்டு. சில நாள் ஒன்று.
மாசம் முடிந்து பத்து நாள் ஆகிறது.
யார் போவதென்ற பேச்சு எழவில்லை,
நானும் எடுக்கவில்லை.

கடைசி ரயில் தெற்கே போகும்போது
தரை கொஞ்சம் அதிரும்.
ஓட்டு இடுக்கில் மிஞ்சிய ஏதோ ஒன்று
ஆள் வந்துவிட்டதென்று கூட்டைக் கிழித்து
அவசரமாய் வெளியே வரும்.
பாவம்,
அது ரயில்.